ரயில் ரோட்டால் வந்தவள்

நௌஷாட் பட்டா லொறியை நிறுத்திவிட்டு இறங்கி, தண்ணீருக்குள் கம்பை விட்டுப் பார்த்தான். முழங்காலளவில் கம்பு தட்டியது. இன்னும் கொஞ்சம் முன்னால் ஊன்றியபோது பிடித்த கை வரைக்கும் உள்ளே போய்விட்டது.

"மதகு உடைஞ்சி போயிருக்கு ஐயா. இதுக்கு அங்கால ஏலாது."

முன் இருக்கையில் இருந்த கோணாமலை கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால், மழைக்குக் கட்டிய தறப்பாளுக்குக் கீழே, அவருடைய மகள் பிரஷாந்தி சவப்பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடி குந்தியிருந்தாள். பள்ளங்களில் விழுந்தெழும்பி வந்ததில் பெட்டி நகர்ந்து நகர்ந்து அவள் கால்விரல்களை நசுக்கியிருந்தது. அவள் காலை இழுக்கவில்லை.

பெட்டிக்குள் இருந்தவள் சீதேவிப்பிள்ளை. கோணாமலையின் அக்கா, பிரஷாந்திக்கு மாமி. நெஞ்சில் சளி கட்டி மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் கிடந்தவள், முதல் நாள் விடியப்புறம் போய்விட்டாள். மழை நிற்கவில்லை. மலர்ச்சாலையில் கரண்ட் இல்லை, உடல் பழுதாகாமல் மருந்து அடிக்க ஏலாது என்று பெட்டியை மட்டும் கொடுத்தார்கள். ஊர் வாழைச்சேனைக்கும் அங்கால். ஏறாவூர் தாண்டியதும் பெரிய ரோட்டில் வெள்ளம் குறுக்கே பாய்ந்துகொண்டிருந்தது. பொலிஸ்காரர் கையை விரித்தார்.

"ரயில் ரோட்டால போய்ப் பாப்பம்," என்று நௌஷாட்தான் சொன்னான். "ரயிலுக்கு மண் உசத்திப் போட்டிருக்கிறானுகள். அதுக்குப் பக்கத்தால பாதை கிடக்கும்." விறகு ஏற்றக் கொஞ்சத் தூரம் வந்திருக்கிறானாம். அதற்கு மேல் அவனுக்கும் தெரியாது.

பாதை கிடந்தது, ஆனால் ஒரே பக்கமாகக் கிடக்கவில்லை. தண்டவாளத்துக்குக் கடல்பக்கமாகக் கிரவல் ரோடாகப் போகும். திடீரென்று எருக்கலைப் பற்றைக்குள் மறைந்துவிடும். கேற் இல்லாத ரயில் கடவையில் ஏறி இறங்கினால் மறுபக்கத்தில் மாட்டுத்தடமாகத் தொடரும். ஒரு பாதை செங்கல் சூளையில் போய் முடிந்தது. இன்னொன்று ஒரு கோயில் மதிலில். பின்னுக்கு எடுத்து எடுத்து வந்தார்கள். வயல் வட்டைகள் எல்லாம் ஒரே வெள்ளமாக இருந்தன, வரம்பும் தெரியவில்லை. ரயில் ஓடாததால் எருமைகள் தண்டவாளத்தில் ஏறி வரிசையாக நின்றன.

கொழும்புக்குப் போகும்போதெல்லாம் ரயில் ஜன்னலால் பிரஷாந்தி இந்த வளவுகளைப் பார்த்திருக்கிறாள். கொடியில் காயும் உடுப்பு, கிணற்றடி வாழை, கையசைக்கும் பிள்ளைகள். அதற்கெல்லாம் ஒரு ரோடு இருக்குமென்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

வீட்டிலிருந்து அம்மா அடிக்கடி போனில் கோல் எடுத்தாள். "எங்க மகள் வாறீங்க?"

"ரயில் ரோட்டால வாறம்மா."

"எந்த இடம்?"

பிரஷாந்திக்குச் சொல்வதற்கு ஒரு பெயர் இருக்கவில்லை.

அம்மா குவைத்துக்குப் போனபோது பிரஷாந்திக்குப் பேச்சும் திருந்தவில்லை. திரும்பி வந்தபோது அவள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை. எயார்போட்டில் அம்மா கையை நீட்ட, அவள் மாமியின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அம்மா அதைப் பற்றி யாரிடமும் ஒன்றும் சொன்னதில்லை. மாமியும் சொன்னதில்லை. மாமியின் புருஷன் தொண்ணூறாம் ஆண்டு சந்தைக்கென்று போய்த் திரும்பாத மனிதன். அதற்குப் பிறகு தம்பி வீடுதான் அவளுக்கு வீடு. இரண்டு பெண்களும் ஒரே குசினியில் வருஷக்கணக்காகப் புழங்கினார்கள். ஒருத்தி சோறு வடித்தால் மற்றவள் கறி வைப்பாள். சண்டை இல்லை. அதிகம் பேச்சும் இல்லை.

கோணாமலை பட்டாவிலிருந்து இறங்கித் தண்டவாளக் கரையில் ஏறிப் பார்த்தார். மதகடியில் மண் முழுக்க அரிபட்டு, தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. கீழே வெள்ளம் இரைந்தது. தூக்கிக்கொண்டு போகவும் வழியில்லை. சற்று முன் கடந்து வந்த கடவையைப் பார்த்துவிட்டு வந்த நௌஷாட், அங்கேயும் தண்ணீர் ஏறிவிட்டது என்றான்.

குடையோடு ஒரு பெண் பக்கத்து வளவிலிருந்து வந்தாள். நாற்பது வயதிருக்கும். பெட்டியைக் கண்டதும் குடையை மடக்கினாள்.

"ஆரு?"

"என்ட மாமி," என்றாள் பிரஷாந்தி.

"மழைக்குள்ள வைச்சிரிக்கீங்க. உள்ள கொண்டு வாங்க."

கோணாமலை தயங்கினார். "இல்ல புள்ள. பிரேதத்த எப்படி உங்கட வீட்டுக்குள்ள..."

"எங்கட வீட்டிலயும் சாவு நடந்ததுதானே ஐயா. கொண்டு வாங்க."

அவள் பெயர் தக்ஷாயினி. தகப்பன் வெள்ளப்போடியும் அயலில் நாலைந்து பேரும் வந்து தோள் கொடுத்தார்கள். நௌஷாட்டும் ஒரு பக்கம் பிடித்தான். விறாந்தையில் வாங்கு போட்டுப் பெட்டியை வைத்து, மூடியைத் திறந்து, தலைமாட்டில் குத்துவிளக்கு வைத்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் நனைந்தபடி வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். ஒரு கிழவி பிரஷாந்தியின் கையைப் பிடித்து, "பேரென்ன மகள் இவவுக்கு?" என்று கேட்டாள்.

"சீதேவிப்பிள்ளை."

கிழவி அந்தப் பெயரை ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். பிறகு நெஞ்சில் அடித்து, அந்தப் பெயரைச் சொல்லி ஒப்பாரி தொடங்கினாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடவும் பெட்டி பார்க்கவும் ஓடித் திரிந்த பிரஷாந்திக்கு அழுகை வரவில்லை. முன்பின் தெரியாதவர்கள் அழுவதைக் கேட்டபடி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் திரும்பியும் தண்ணீர் வற்றவில்லை. சாம்பிராணிப் புகைக்குள்ளும் இலேசாக வாடை தெரிந்தது. வெள்ளப்போடி கோணாமலையை முற்றத்துக்குக் கூட்டிப்போனார்.

"தம்பி, நாளை வரைக்கும் வைக்கேலாது. எங்கட மயானம் மேட்டில கிடக்கு, தண்ணி ஏறல்ல. கிராம விதானையோட நான் கதைக்கிறன். இஞ்சயே அடக்குவம்."

"எங்கட வளவில இரிந்துதான் அக்கா போகணும்," என்றார் கோணாமலை. "புருஷனும் இல்லாம, புள்ளயும் இல்லாம எங்களுக்கு உழைச்ச மனிசி. மறுகா எப்படி நான் வழியில விட்டுப்போட்டுப் போற?"

வெள்ளப்போடி பக்கத்தில் நின்றார். மழை இருவரின் தலையிலும் விழுந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் கோணாமலை மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் அம்மாட்ட கேக்கிறன் அப்பா."

போனுக்குச் சிக்னல் விறாந்தை மூலையில்தான் இருந்தது. பிரஷாந்தி விஷயத்தைச் சொன்னாள். வீட்டில் பந்தல் போட்டு, ஆட்கள் வந்து காத்திருக்கிறார்கள் என்று பிரஷாந்திக்குத் தெரியும்.

"அங்க பொம்புளையள் இரிக்கிறாங்களா?"

"ஓம்மா."

"அழுறாங்களா?"

"ஓம். பேரைச் சொல்லி அழுறாங்க."

"அப்ப சரி," என்றாள் அம்மா. பிறகு, "எனக்கு ஒருக்கா முகத்தைக் காட்டு மகள்."

வீடியோ விட்டு விட்டு வந்தது. பிரஷாந்தி போனை மாமியின் முகத்துக்கு நேரே பிடித்தாள். பெண்கள் தாங்களாகவே ஒப்பாரியை நிறுத்திக்கொண்டார்கள். கூரைத் தகரத்தில் மழை மட்டும் கேட்டது.

"தலையெல்லாம் குழம்பிக் கிடக்கு," என்றாள் அம்மா. "இப்படி அவ வெளியால போக மாட்டா. வாரி விடு."

தக்ஷாயினி உள்ளே போய்ச் சீப்பும் தேங்காயெண்ணெயும் எடுத்து வந்தாள். போனை வாங்கித் தானே பிடித்துக்கொண்டாள். முற்றத்தில் கோணாமலை வெள்ளப்போடியிடம் தலையசைப்பதும், ஆண்கள் மண்வெட்டியோடு தண்டவாளக் கரையால் மேட்டுப் பக்கம் போவதும் தெரிந்தன. நௌஷாட் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் போனான்.

பிரஷாந்தி தலைமாட்டில் முழங்காலிட்டாள். எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, நரைமுடியில் சிக்கெடுத்தாள்.

"வகிடு நடுவால இல்ல," என்றாள் அம்மா. "இடப்பக்கம் கொஞ்சம் சரிச்சி. ஓம், அப்படித்தான். காதுக்குப் பின்னால இறக்கி வாரு, அவவுக்கு முடி காதில பட்டாப் பிடிக்காது."

பிரஷாந்தியின் கை ஒரு கணம் நின்றது. பிறகு காதுக்குப் பின்னால் இறக்கி வாரினாள். கொண்டை சின்னதாகத்தான் வந்தது. தன் தலையிலிருந்து ஒரு ஊசியை எடுத்துக் குத்தினாள்.

"சரியாம்மா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். போனில் அம்மா இல்லை. எங்கேயோ மல்லாக்க வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். குசினியின் புகை பிடித்த முகடு மட்டும் தெரிந்தது. அங்கேயும் மழை பெய்கிற சத்தம் கேட்டது. தக்ஷாயினி போனை அணைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.