பதினொரு மணிச் சாடி

ஆற்றின் இரு கரையிலும் கல்லும் செங்கல்லுமாக எழுந்து நின்ற அந்நகரின்மேல் முற்பகல் வெயில் மெல்ல ஏறி, இரவு மழையில் நனைந்த கூரைகளை உலர்த்தி, சாளரக் கண்ணாடிகளில் பட்டுத் தெறித்து, பாலத்தின் அடியில் ஓடிய பழுப்பு நீரையும் ஒரு கணம் பொன்னென்று நம்பவைத்துக்கொண்டிருந்த வேளை அது. சரக்கு வண்டிகள் சுமையிறக்கி ஓய்ந்திருந்தன. காலைக் கூட்டம் கரைந்துபோன கடைகளின் வாயிலில் கடைக்காரர்கள் கைகட்டி நின்று, போவோர் வருவோரை விலைபேசுவதுபோல் பார்த்திருந்தனர். நயமறிந்த நண்பரே, அவர்கள் கண்ணில் படாமல் பாலத்தைக் கடந்து, குறுகிய தெருவொன்றில் புகுந்து, மூன்று மாடி ஏறி ஓர் அடுக்களைக்குள் நுழைவோம் வாருங்கள். அங்கே ஒரு பெண் பொறாமையால் வெந்துகொண்டிருக்கிறாள்.

அவள் புத்தகம் கட்டுபவள். தெருக்கோடியில் இருந்த கட்டுமனையில் தாளை மடித்து, அடுக்கி, ஊசியால் தைத்து, முதுகில் பசை தடவி அட்டை ஏற்றுவதில் அவளை விஞ்ச ஆளில்லை. அவள் கணவனோ பாலத்துக்கு அப்பால் ரொட்டி சுடும் அடுமனைக்காரன். இருவர் பிழைப்புக்கும் முதல் மாவும் நீரும்தான். ஆனால் அவன் மாவு பொங்குவதற்கு, இவள் மாவு ஒட்டுவதற்கு. பதினொரு மணிக்குக் கட்டுமனையில் இடைவேளை மணி அடித்ததும் அவள் அரைமணி நேரம் வீட்டுக்கு வருவாள். அதே வேளையில் அவனும் பாலத்தைத் தாண்டி ஓட்டமும் நடையுமாக வந்து, மூச்சிரைக்க மாடி ஏறி, சட்டையில் ஒட்டிய மாவைக்கூடத் தட்டாமல் உள்ளே நுழைந்து நேராகச் செல்வது மனைவியிடம் அன்று. மாடத்திலிருந்த ஒரு சாடியிடம்!

அச்சாடிக்குள் இருந்தது புளிமாவு. நாள்தோறும் புதுமாவும் நீரும் ஊட்டி அதை உயிரோடு காத்து, அதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பிசைந்தால்தான் ரொட்டி உப்பும். அவர்கள் திருமணத்துக்கு ஆறாண்டு மூத்தது அது. "அவதான் மூத்தா. நான் ரெண்டாந்தாரம்" என்று கட்டுமனைத் தோழியரிடம் இவள் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. எல்லாரும் சிரிப்பார்கள், இவளுக்கு மட்டும் வயிறு எரியும்.

எரியாமல் என்ன செய்யும்? அடுக்களைச் சுவரில் ஒரு கரும்பலகை தொங்கியது. அன்றன்றைய நாளை அதில் எழுதி வைத்து அதன்படி நடப்பவன் அவன். நான்கு மணிக்கு அடுப்பு, ஏழுக்குக் கடை, இரண்டுக்கு உறக்கம் என்று எழுதியவற்றுக்கிடையே ஒழுகும் குழாய்க்கும் கிழிந்த குடைக்கும் கடைவாய்ப் பல்லின் வலிக்கும்கூட இடமிருந்தது. நட்ட நடுவே, 'பத்தரை' என்று என்றோ எழுதி அழித்த வெள்ளைத் தடத்தின்மேல், பெரிய எழுத்தில் 'பதினொன்று: சாடி' என்றிருந்தது. மற்றவை நாளுக்கு நாள் மாறும். அது மட்டும் மாறாது. கட்டிய மனைவியின் பெயரை அப்பலகையில் அவள் மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் தேடிவிட்டாள். குடை இருந்தது, அவள் இல்லை.

ஒருநாள் கட்டுமனையில் அவளைத் தையல் மேசைக்குத் தலைமையாக்கினார்கள். பத்தாண்டு உழைப்பின் பயன் அது. சேதியை வாயில் அடக்கமாட்டாமல் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

"என்னங்க, ஒரு சேதி..."

"இரு இரு, இங்க வந்து பாரேன். இன்னைக்கு எப்படிப் பொங்கியிருக்கான்னு!" என்று சாடியைத் தூக்கிக் காட்டினான் அவன். முகமெல்லாம் மலர்ச்சி. "மோந்து பாரு, என்ன வாசனை!"

அவள் மோந்து பார்க்கவில்லை, சேதியையும் சொல்லவில்லை. மணி அடித்ததும் எழுந்து போனாள். அன்று மாலைவரை அவள் தைத்த தையலில் ஊசி தாளில் ஏறியதைவிட விரலில் ஏறியதே மிகுதி.

மறுநாள் காலை, அவன் அடுமனைக்குப் போனபின், அவள் நீரைக் கொதிக்க வைத்தாள். மாவில் கொதிநீர் ஊற்றி, கட்டி தட்டாமல் ஒரே பக்கமாகக் கிண்டிப் பசை காய்ச்சுவது அவளுக்குக் கைவந்த வேலை. அவ்வாறே சாடியில் ஊற்றினாள், அவ்வாறே கிண்டினாள். குமிழிகள் அடங்கி மாவின் உயிர் போயிற்று. புளித்த மணம் போய், வெந்த மாவின் மணம் எழுந்தது. ஒரு துளியும் சிந்தவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவளுக்காகப் பரிந்து பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

பதினொரு மணிக்கு வந்தவன் சாடியைத் திறந்து, வெந்த மாவை விரலால் தொட்டு நாவில் வைத்தான்.

"பசைக்குக் கரைச்சு வச்ச மாவுன்னு நினைச்சுட்டேங்க" என்றாள். உலகில் வேறெந்த வீட்டிலும் செல்லாத அப்பொய், அவ்வீட்டில் செல்லும் என்று அவளுக்குத் தெரியும்.

"சரி, விடு" என்றான். சாடியைக் கழுவிக் கவிழ்த்தான். படியிறங்கப் போனவன் திரும்பி நின்று, "நாளையிலிருந்து... பதினொரு மணிக்கு வரவா?" என்று கேட்டான்.

"எதுக்கு? இனி இங்க உங்களுக்கு என்ன வேலை?"

குற்றவுணர்வு சில வேளை சினத்தின் குரலில்தான் பேசும். அவன் தலையசைத்துச் சென்றான். மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. மாவு பொங்குவதற்குக் கடையில் விற்கும் பொடியைப் போட்டு ரொட்டி சுட்டுக்கொண்டு பகல்முழுதும் பாலத்துக்கு அப்பாலே இருந்தான். பலகையில் நடுவரி துடைக்கப்பட்டிருந்தது. சக்களத்தி ஒழிந்தாள், அவளோடு அவனும் ஒழிந்தான். பதினொரு மணிக்கு அந்த அடுக்களையில் தனியே உட்கார்ந்திருப்பவளுக்கு வெற்றி எவ்வளவு கசந்தது என்பதை என்னைவிட அவளே நன்றாகச் சொல்வாள்.

இருபது நாள் பொறுத்தாள். பிறகு ஒரு கிண்ணத்தில் மாவும் நீரும் கலந்து, கட்டுமனையில் பசை அடுப்பின் ஓரம் ஒளித்து வைத்து, புதிதாக ஒரு புளிமாவை வளர்க்கத் தொடங்கினாள். "என்னடி, உன் பசை பொங்குது! தலைமை ஆனதும் பசைக்கும் தலைக்கனமா?" என்று தோழியர் கேலி செய்தனர். நாளொன்று தவறாமல் ஊட்டி வருகையில்தான் ஒன்றைக் கண்டாள். வெந்நீர் விட்டு அடுப்போரம் வைத்தால் மாவு மூன்று மணி நேரத்தில் பொங்கியது. குளிர்நீர் விட்டுச் சாளரத்தில் வைத்தால் மாலைவரை காத்திருந்தது. மாவுக்கென்று ஒரு மணி இல்லை. ஊட்டுகிறவன் எந்த மணியைக் குறிக்கிறானோ அதுவே அதன் மணி.

அப்படியானால் பதினொன்று யாருடைய மணி?

கையிலிருந்த தூரிகையை வைத்துவிட்டாள். அடுமனைக்காரர்கள் எல்லாரும் புளிமாவை அடுமனையிலேயே வைத்திருக்க, இவன் மட்டும் பாலம் தாண்டி மூன்று மாடி ஏறி வீட்டில் ஏன் வைத்தான்? ஈராண்டுக்கு முன் கட்டுமனையில் இடைவேளையைப் பத்தரையிலிருந்து பதினொன்றுக்கு மாற்றினார்கள். அதே கிழமையில்தான் பலகையிலும் பத்தரை அழிந்து பதினொன்று ஆனது. அந்த வெள்ளைத் தடம் நாள்தோறும் அவள் கண்ணெதிரே இருந்தது. எளிதில் பேச்சு வராத அம்மனிதனுக்குக் கையில் ஏதேனும் ஒன்று இருந்தால்தான் வாய் திறக்கும். அரைமணி நேரமும் அவன் சாடியைக் காட்டிப் பேசியதெல்லாம் அவளிடம்தான். அவளோ ஒருநாளும் மோந்து பார்த்ததில்லை.

அன்று மாலை கிண்ணத்து மாவைப் பழைய சாடியில் இட்டு மாடத்தில் வைத்தாள். பலகையின் நடுவே, விடியுமுன் கிளம்புபவன் கண்ணில் படும்படி, தன் கையால் 'பதினொன்று' என்று மட்டும் எழுதினாள்.

மறுநாள் மணி அடித்தபோது முதலில் வீட்டுக்கு ஓடியவள் அவள். படியில் காலடி கேட்கவில்லை. கீழ்வீட்டுக் கதவு திறந்து மூடியது, அதுவும் அவனில்லை. இடைவேளையில் பாதி கழிந்தது. பிறகு மூச்சிரைப்பு கேட்டது.

அவன் வாயிலிலேயே நின்றான். அவள் எழுந்து, அடுத்த நொடி கோழையாகிவிடுவோமோ என்ற அச்சத்தில், "பசைன்னு நினைச்சு ஊத்தலைங்க. தெரிஞ்சேதான் ஊத்தினேன்" என்றாள்.

"தெரியும்."

"எப்படி?"

"பசை காய்ச்சினா, பூஞ்சை பிடிக்காம நீ படிகாரம் போட்டிருப்ப. சாடியில அது இல்லையே." தலைகுனிந்து சட்டை மாவைத் தட்டினான். "நான் வர்றதுதான் உனக்குப் பிடிக்கலை போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். அவன் என்ன செய்வதென்று அறியாமல் சாடியை எடுத்துத் திறந்து மோந்தான், முகம் மலர்ந்தது. அதைக் கண்டதும், எல்லாம் தெரிந்த பிறகும், அவள் நெஞ்சில் பழைய முள் ஒருமுறை குத்தியது. பொறாமை அன்றோடு மாண்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அது அவ்வளவு எளிதில் சாவதில்லை. ஆனால் இம்முறை அவள் குனிந்து தானும் மோந்து பார்த்தாள். "என்னைத் தையல் மேசைக்குத் தலைமையாக்கி ஒரு மாசமாச்சு" என்றாள்.

இடைவேளை முடியும் மணி அடித்து ஓய்ந்தது. தையல் மேசை அன்று தன் தலைமைக்காகக் கால்மணி நேரம் காத்திருந்தது. பழைய மாவின் புளிப்பு அதன்பின் அவன் ரொட்டிக்குத் திரும்பவேயில்லை. வாங்குவோர் சிலர் குறையும் சொன்னார்கள். நண்பரே, ஒருவர் தம் நாளில் நமக்குத் தந்த இடத்தை அவர் எழுதி வைத்த வரிகளில் தேடி ஏமாந்து, அவர் விட்டு வந்த வேலையையும் ஏறி வந்த படிகளையும் எண்ணாது போனவள் இவள் ஒருத்தி மட்டும் அல்லள்.