லிட்டருக்கு ஒரு கிலோ

ஐஸ்கிரீம் முதலாளி காலையில் தொழிற்கூடத்துக்குள் நுழைந்ததும் முதலில் காற்றுக்குழாயைத்தான் தொட்டுப் பார்ப்பார். பாலைப் பார்ப்பது அதற்குப் பிறகு, நேரம் இருந்தால். பாலும் சர்க்கரையும் சேர்ந்த கலவையைக் குளிர வைத்துக்கொண்டே அந்த இயந்திரம் காற்றை ஊதி அடிக்கும். கொஞ்சம் ஊதினால்தான் ஐஸ்கிரீம் மெத்தென்று வரும்; அது தொழில். நம்மவர் ஊதியது பேராசை. ஒரு லிட்டர் உள்ளே போனால் இரண்டு லிட்டருக்கு மேல் வெளியே வரும். டப்பாக்களை அடுக்கிய அறையில் மின்விசிறி போடக்கூடாது என்பது அங்கே சட்டம். யாரோ மறந்து போட்டுவிட, ஒரு டப்பா ஜன்னல் வழியே கிளம்பி எதிர்வீட்டு மாடியில் போய் உட்கார்ந்தது. காக்கா ஒன்று கொத்திப் பார்த்துவிட்டு, ஏமாந்த முகத்தோடு பறந்துபோனது.

இப்படி ஊதியே பெரிய மனிதராகிவிட்டவருக்கு, பள்ளிக்கூட விடுதி ஆர்டர் மீது கண். அதை நம்பித்தான் இன்னொரு இயந்திரமும் வாங்கிப் போட்டிருந்தார். கிடைத்தாயிற்று என்று ஊரெல்லாம் சொல்லியும் வைத்திருந்தார்.

விடுதியைக் கவனிக்கும் அம்மாள் அரிசி முதல் உப்பு வரை எடை போட்டு வாங்குகிறவர். பத்துக் கிலோ அனுப்புங்கள், சரியாக இருந்தால் வருஷம் முழுக்க உங்களுக்குத்தான் என்றார். லிட்டரில் விற்றே பழகிய முதலாளி அதிகம் யோசிக்கவில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஐஸ்கிரீம் என்ன தண்ணீரைவிட மட்டமா? பழைய லிட்டர் டப்பாக்களிலேயே ‘ஒரு கிலோ’ என்று ஒட்டிப் பத்தை அனுப்பினார்.

விடுதித் தராசில் பத்தையும் சேர்த்து ஏற்றியும், ஐந்து கிலோவைத் தொடவே முள் தயங்கியது. ஆள் அனுப்பி முதலாளியை வரவழைத்தார்கள்.

வந்தவர் தராசு கெட்டுவிட்டது என்றார். விடுதிச் சமையல்காரர் மரியாதையாக அவரையே ஏறி நிற்கச் சொன்னார். டாக்டர் குறைக்கச் சொன்ன எடை, ஒரு கிராம்கூடத் தள்ளுபடி இல்லாமல் வந்தது. வெயிலில் எடை இறங்கியிருக்கும் என்றார் முதலாளி. மூடி திறக்காத டப்பாவிலிருந்து எங்கே இறங்கியிருக்கும் என்று சமையல்காரர் தரையைத் தேடினார். கடைசியில் முதலாளி முகத்தைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு, தான் லிட்டர்காரன், கிலோ கணக்கு சத்தியமாகத் தெரியாது என்றார்.

அந்த அம்மாளுக்கு மனம் இளகிவிட்டது. “சரிங்க, தெரியாம நடந்துபோச்சு. முழு எடையில ஒரே ஒரு டப்பா காட்டுங்க. ஆர்டர் உங்களுக்குத்தான்.”

முதலாளிக்கு உயிர் வந்தது. வீட்டுக்குப் போன் போட்டார். நாலு பேர் கேட்க ஸ்பீக்கரில் பேசுவதுதான் அவருக்குக் கௌரவம்.

“இந்தா, ஃப்ரீசர்ல இருக்கிற ஐஸ்கிரீம் டப்பாவ டிரைவர்கிட்ட குடுத்து விடு.”

“எதுங்க?” என்றார் மனைவி. “விக்கிறதா? இல்ல, நம்ம பேரப்பசங்களுக்குன்னு காத்தடிக்காம தனியா போடச் சொன்னீங்களே, அதுவா?”

சமையல்காரர் கழுவி வைத்திருந்த பாத்திரத்தை எடுத்து மறுபடியும் கழுவ ஆரம்பித்தார்.

முதலாளிக்கு வெட்கம் வந்ததா என்றால், இல்லை. “காத்துக்கும் கரண்ட் செலவாகுதும்மா,” என்றார்.

அந்த அம்மாள் குரலை உயர்த்தவில்லை. “இவ்வளவு நேரம் உங்களுக்குக் கணக்குத் தெரியலன்னு நெனச்சேன். தெரியாம கொறைஞ்சா அது தப்புக் கணக்கு. உங்க பேரப்பசங்களுக்கு நெறைவா எடுத்து வச்சுட்டு, இங்க இருக்கிற பிள்ளைங்களுக்குக் கொறைச்சீங்களே, அதுக்குப் பேரு திருட்டு. நம்ம வீட்டுப் பிள்ளைக்கு எந்த அளவோ, அதே அளவ அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் போடுறவன்தான் வியாபாரி. டப்பாவ எல்லாம் எடுத்துட்டுப் போங்க. தூக்கச் சிரமம் இருக்காது.”