இரண்டு முறை மடிந்த நிலம்

பேராசிரியர் கல்லின் ஒரு முனையைக் கடித்தார், மென்றார், துப்பினார், மிச்சத்தை என்னிடம் நீட்டினார்.

"நறநறன்னு இருக்கா, மாவு மாதிரி இருக்கா, சொல்லு."

கல்லின் மேல் அவருடைய எச்சில் வெயிலில் மினுமினுத்தது. துகள் பெரியதா பொடியா என்பது பல்லுக்குத்தான் தெரியும் என்பது எங்கள் நிலவியல் துறையின் அசைக்க முடியாத கொள்கை. பல் என்னுடையது என்றால் எச்சில் ஏன் அவருடையதாக இருக்க வேண்டும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் போடவில்லை. திருப்பி மறுமுனையைக் கடித்து, "நறநற சார்" என்றேன். அங்கே ஏற்கெனவே வேறு யாரோ கடித்திருந்தார்கள்.

கைவிட்ட கல்குவாரி அது. அடியில் பச்சைத் தண்ணீர் தேங்கி, ஒற்றைச் செருப்பும் ஊதிப்போன எலியும் மிதந்தன. சுவர் முழுக்கப் பாறை அடுக்குகள், துவைக்காமல் ஓரமாகத் தள்ளிய விடுதிப் போர்வையைப் போல மடிந்து கிடந்தன. பழைய வரைபடங்களின்படி, கிழக்கிலிருந்து ஒரு கண்டம் வந்து முட்டியதில் இந்த நிலம் ஒரே ஒரு முறை மடிந்தது. பேராசிரியரின் வரைபடத்தின்படி இரண்டு முறை. நிலத்தை இரண்டாவது முறை மடித்த அந்த நெருக்கம் அவருடைய கண்டுபிடிப்பு. முனைவர் பட்டம், துறைத்தலைவர் நாற்காலி, நாற்காலி மேல் மெத்தை எல்லாம் அதனால் வந்தவை.

அந்தக் கதையை ஒவ்வொரு பயணத்திலும் அவரே சொல்வார். "பாதி மலை அளந்து முடிச்சப்போ மணிக்கட்டு வலியில உயிர் போச்சு. என் மச்சான் இந்தக் காந்தக் காப்பக் குடுத்தான். மாட்டுன மறுநாளே வலி பறந்துடுச்சு. மிச்சப் பாதி மலையிலதான் ரெண்டாவது நெருக்கம் கண்ணுல பட்டுச்சு."

மூன்று வருடமாகக் கேட்டும் எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. நாங்கள் எல்லோரும் முதல் வகுப்பு வாங்குகிறவர்கள். அடுக்கு எந்தத் திசையில் நீள்கிறது என்று காம்பஸில் பார்ப்போம், பிறகு சாரின் எண்ணுக்கு ஏற்றபடி எங்களுடையதைத் தள்ளி எழுதுவோம். எவ்வளவு தள்ள வேண்டும் என்பதைச் சீனியர்கள் சொல்லித் தருவார்கள்.

தள்ளி எழுதாத ஒரே ஆள், வகுப்பில் நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவள். ஏற்கெனவே இரண்டு முறை தோற்று எங்களோடு வந்து உட்கார்ந்தவள். மூன்றாவது முறையும் தோற்றால் துறையில் பெயரை அடித்துவிடுவார்கள்.

"கண்ணுல பாத்தத மாத்தி எழுத எனக்கு வரலடா. குமட்டுது" என்று பேருந்தில் சொன்னாள்.

"கல்லக் கடிக்கிறதுக்கே குமட்டல, இதுக்கா?" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

இன்றும் அவள் காம்பஸை அடுக்கின் மேல் வைத்து எண்ணைச் சத்தமாகப் படித்தாள். "தப்பு" என்று பேராசிரியர் இடது கையை நீட்டினார். காப்பு பக்கத்தில் வந்ததும், நாய் பிஸ்கட்டைப் பார்த்த மாதிரி முள் திரும்பியது.

அக்கா பார்த்தாள். நானும் பார்த்தேன். காப்பு மாட்டிய பிறகு அளந்த பாதி மலையில் மட்டும்தான் இரண்டாவது நெருக்கம்.

"சார், கைய எடுங்க." முள் பழைய இடத்துக்குப் போனது. "இப்ப வைங்க." மறுபடி திரும்பியது. யாரோ களுக்கென்று சிரித்து, சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

"காப்பக் கழட்டிட்டு ஒரே ஒரு தடவ பாருங்க சார்."

அவர் கழற்றி, "புடி" என்று என் கையில் வைத்தார். வியர்வையும் அழுக்கும் சேர்ந்து வழவழத்தது. நான் நாலு எட்டு தள்ளி நின்றேன். அவர் குனிந்து வெகுநேரம் முள்ளையே பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கட்டை விரலால் காம்பஸின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"சார், நாங்கல்லாம் உங்க அளவையே எழுதிட்டோம் சார்" என்றான் ஜால்ரா. அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் அது. ஆனால் பின்னால் எல்லாத் தலைகளும் ஆடின.

"நல்லது." பேராசிரியர் நிமிர்ந்து அக்காவிடம் மிகவும் அன்பாகச் சொன்னார்: "இன்னொரு தடவ அளந்து பாரும்மா. என் பக்கத்துல நின்னு அள. பாஸ் ஆயிடலாம்."

அக்கா நகரவில்லை. அவர் என்னை நோக்கிக் கையை நீட்டினார். மணிக்கட்டில் காப்பு இருந்த இடம் வெளுத்து, தவளையின் வயிறு போலிருந்தது.

"குடுப்பா."

விரல்களை இறுக்கினேன். வாயில் இன்னும் அந்தக் கல்லின் பொடி நறநறத்தது. மறு கையில் இருந்த என் காம்பஸைக் குனிந்து பார்த்தேன். முள் வடக்கை விட்டுவிட்டு, என் மூடிய கையைக் காட்டி நடுங்கிக்கொண்டிருந்தது.