பாலைமரம் வரைக்கும்

குடியேற்றத் திட்டத்து ஓவசியர் ஐயாத்துரையின் சைக்கிள் மணி வாய்க்கால் முடக்கில் கேட்டபோது கமலாசனி முற்றத்தில் உழுந்து காயவிட்டுக்கொண்டிருந்தாள். சுளகை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினாள்.

"வாறார். இருமிப்போடாதேங்கோ" என்றாள்.

கட்டிலில் கிடந்த ஏரம்பு தலையை மட்டும் ஆட்டினான். அவள் அறைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, சாமிப் படத்தட்டில் இருந்த பிள்ளையாரை ஒருமுறை பார்த்தாள். கும்பிட நேரமில்லை. பார்வையையே கும்பிடாக எடுத்துக்கொள்ளட்டும் என்று வெளியே வந்தாள்.

ஐப்பசியில், விதைப்புக்கு முதல் கிழமை, குளக்கட்டில் வண்டில் குடைசாய்ந்து சில்லு ஏரம்புவின் தொடையில் ஏறியது. முறிவு வைத்தியர் பத்துப் போட்டுக் கட்டினார். எலும்பு பொருந்திவிட்டது என்று அவரே சொன்னார். ஆனால் தை பிறந்து, வயல் கதிர் தள்ளியும், அந்தக் கால் அவன் சொல்லுக் கேட்கவில்லை. கதவு நிலையைப் பிடித்தால் நிற்பான். விட்டால் விழுவான்.

துணுக்காய்ப் பக்கத்துக் காட்டை வெட்டிக் குளத்தைக் கட்டிக் குடியேற்றியபோது, பருத்தித்துறைப் பக்கத்திலிருந்து வந்தவர்களில் அவர்களும் ஒரு குடும்பம். காணிக் கச்சேரியில் பெரிய துரை ஏரம்புவின் உள்ளங்கையைப் புரட்டி, மண்வெட்டிக் காய்ப்பைத் தடவிப் பார்த்த பிறகுதான் பேரைக் கூப்பிட்டார். அந்தக் கையைப் பார்த்துத் தந்த காணியை அந்தக் கை செய்யாவிட்டால் காணிக்கான பெர்மிற் போய்விடும் என்பது கொலனி முழுவதும் வேரூன்றிய பயம். வெறும் பயமும் இல்லை. மூன்றாம் வாய்க்காலில் ஒருவர் வயலைக் குத்தகைக்குக் கொடுத்தார் என்று போன வருடம்தான் காணி பறிபோனது. ஊரில் திரும்பிப் போய் இருக்க இவர்களுக்கு ஒரு பரப்பு நிலம்கூட இல்லை.

அதனால் ஏரம்புவின் கால் ஓவசியருக்குத் தெரியாத விஷயமாக இருந்தது. வாய்க்காலோரத்துக் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதை ஒரு புண்ணியம் என்று அவர்கள் நினைத்ததாகவும் தெரியவில்லை.

இன்று ஓவசியர் தனியே வரவில்லை. பின்னால் இன்னொரு சைக்கிளில், வெள்ளைக் கன்வஸ் சப்பாத்தும் கழுத்தில் தொங்கும் விசிலுமாக ஓர் இளைஞன் வந்தான்.

"இவர் தவராசா மாஸ்ரர். வவுனியாவிலை பிள்ளையளுக்குத் தேகப்பியாசம் படிப்பிக்கிறவர்" என்றார் ஓவசியர், தொப்பியைக் கழற்றிக் காற்றுப் பிடித்தபடி. "ஏதோ கேக்கப்போறாராம். வழி தெரியாது எண்டு என்னைக் கூட்டிக்கொண்டு திரியிறார். எங்கை ஏரம்பு?"

"விறகுக்குப் போட்டார் ஐயா."

"நான் வாற நேரமெல்லாம் உந்த மனுசனுக்கு விறகுதான்."

கமலாசனி சிரிக்கப் பார்த்தாள். விறாந்தையில் கதிரை இரண்டையும் இழுத்துப் போட்டாள்.

தவராசா மாஸ்ரர் தாள்களை மடியில் விரித்தான். "பயப்பிடாதேங்கோ அக்கா. வளர்ந்த ஆக்கள் என்ன விளையாட்டு விளையாடுகினம், என்ன தேகப்பியாசம் செய்யினம் எண்டு வீடு வீடாய்க் கணக்கெடுக்கிறம். அவ்வளவுதான்."

விளையாட்டா? நாற்பது வயது மனிதர்களுடைய விளையாட்டைக் கேட்கவா ஒருவன் காட்டு வழியில் சைக்கிள் மிதித்து வருவான்? அதுவும் ஓவசியரோடு? கமலாசனிக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியதுபோல இருந்தது. அன்றைக்குக் கையைப் பார்த்தார்கள். இன்றைக்குக் காலைப் பார்க்க வந்திருக்கிறார்கள். ஓடமுடியாதவனை எழுதிக்கொண்டு போகப்போகிறார்கள்.

"உங்கடை அவர் ஏதும் விளையாடுறவரோ?"

"ஓம்" என்றாள். "கிளித்தட்டு."

மாஸ்ரரின் முகம் மலர்ந்தது. காலையிலிருந்து ஏறி இறங்கிய வீடுகளில் எல்லாம் 'விளையாட நேரம் எங்கை தம்பி' என்ற பதிலைத்தான் அவன் கேட்டிருந்தான்.

"கிளித்தட்டோ! இப்பவும் விளையாடுறாரோ?"

"ஒவ்வொரு பின்னேரமும்."

ஒரு பொய் புறப்படும்போது சின்னதாகத்தான் இருக்கும். கேட்பவருடைய முகம் மலர்ந்துவிட்டால்தான் கஷ்டம். பிறகு அந்த மலர்ச்சிக்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். பொய் சொல்லிப் பழகாத கமலாசனி அள்ளி அள்ளிப் போட்டாள். கோட்டைக் காக்கும் கிளியாய் அவர் நின்றால் ஒருவரும் கோடு தாண்டமாட்டார்கள். காலையில் குளத்தில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நீந்துவார். நெல்லு மூட்டையைத் தனியே தூக்கி வண்டிலில் ஏற்றுவார்.

ஓவசியர் தொப்பியை விசிறுவதை நிறுத்திவிட்டார்.

"அந்தக் குளத்திலை முதலை கிடக்கெல்லோ பிள்ளை?"

"அவர்... அவர் முதலைக்குப் பயப்பிடார் ஐயா."

மாஸ்ரர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தான். பேனையின் கீறல் சத்தம் அவளுக்கு அறைக்குள்ளும் கேட்கும்போல இருந்தது. கதவுப் பக்கம் திரும்பாமலிருக்கக் கழுத்தை இறுக்கி வைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வளவு வீரகத்தி வேலியைத் தூக்கிக் குனிந்து வந்தான். இரண்டு சைக்கிளைக் கண்டதும் உதவி செய்தாகவேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. நல்ல மனம். ஆனால் ஒன்றையும் கேட்டுக்கொண்டு வரவில்லை.

"ஐயா வந்திட்டியளோ! ஏரம்பண்ணை மாங்குளத்துக்குப் போட்டார், தமக்கையைப் பார்க்க" என்றான்.

முற்றத்து உழுந்தை ஒரு கோழி கொத்தியது. அதைத் துரத்தவேண்டும் என்று கமலாசனிக்குத் தெரிந்தது. கை எழவில்லை.

"மாங்குளத்துக்கோ?" என்றார் ஓவசியர் மெல்ல. "விறகு வெட்டவோ?"

வீரகத்தி கமலாசனியைப் பார்த்தான். "ஓம் ஐயா. போற வழியிலை... விறகும்..."

"நேற்றுக் கிளித்தட்டு விளையாடினவரோ?"

"விளையாடினவர், விளையாடினவர். கலைமான் மாதிரி. பிடிக்கேலாது!"

இந்த விறைப்பு ஒன்றும் மாஸ்ரருக்குப் புரியவில்லை. அவன் சந்தோசத்தில் இருந்தான். "நல்லதாய்ப் போச்சு. விளையாடுற ஆக்களைக் கொஞ்ச இடம் ஓடவிட்டு நாடித்துடிப்பும் பார்க்கச் சொல்லியிருக்கினம். இவ்வளவு நேரமும் ஒரு ஆளும் அகப்படேல்லை. அவர் வருமட்டும் இருக்கிறன் அக்கா. அங்காலை தெரியிற அந்தப் பாலைமரம் மட்டும் ஓடினால் காணும்."

"வர நேரமாகும் தம்பி. இருட்டிப்போம்."

"இருப்பம்" என்றார் ஓவசியர். "நானும் அந்த மனுசனைக் கண்டு கன நாள்."

அவர் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். கமலாசனி தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் குசினிக்குப் போய்ச் செம்பைப் பிடித்தபடி நின்றாள். முறிகண்டிப் பிள்ளையாரே, நான் சொன்ன பொய்க்கு என்னைத் தண்டித்துக்கொள், அந்த மனுசனை விட்டுவிடு என்று வேண்டினாள். வேண்டி முடிவதற்குள் அறைக் கதவு கிறீச்சிட்டது.

ஏரம்பு நிலையைப் பிடித்தபடி நின்றான். சேட்டுப் போட்டு, தலை வாரி, வேட்டியைக் கீழே இறக்கிக் கட்டியிருந்தான். படுக்கையிலிருந்து இவ்வளவையும் எப்படித் தனியே செய்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை. முகம் முழுவதும் வியர்வை.

"விறகுக்கும் போகேல்லை, மாங்குளத்துக்கும் போகேல்லை ஐயா" என்றான். "கொஞ்சம் காய்ச்சல் குணம். படுத்திருந்தனான். இவை பயத்திலை ஏதோ உளறுகினம்."

"காய்ச்சலெண்டால் வேண்டாம் அண்ணை" என்றான் மாஸ்ரர்.

ஏரம்புவின் கண் ஓவசியரிடமே இருந்தது.

"பாலைமரம் மட்டுந்தானே தம்பி? போட்டு வாறன்."

நிலையை விட்டான்.

முதல் அடி நல்ல கால். அது நன்றாகவே விழுந்தது. மற்றதை இடுப்பால் இழுத்துக் கொண்டுவந்து வைத்தான். வேட்டி மறைத்தது. விறாந்தைத் தூண் ஒன்றைத் தொட்டும் தொடாமலும் கடந்தான். கமலாசனி குசினி வாசலில் செம்பை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு நின்றாள். வீரகத்தி தலைத் துண்டை அவிழ்த்து வாயில் வைத்திருந்தான். முற்றம் விறாந்தையிலிருந்து ஒரு படி கீழே. ஆரோக்கியமான மனிதன் கவனிக்காத படி. ஏரம்பு அதன் விளிம்பில் நின்று, அப்பால் வெயிலில் நின்ற பாலைமரத்தைப் பார்த்தான். பிறகு காலை இறக்கினான்.

அது மடிந்தது.

விழுமுன் அவனைப் பிடித்தவர் ஓவசியர். எப்படி எழுந்தார், எப்போது பாய்ந்தார் என்று ஒருவரும் காணவில்லை. தொப்பி முற்றத்தில் உருண்டு கிடந்தது. இரண்டு கைகளையும் ஏரம்புவின் கக்கத்துக்குள் கொடுத்துத் தாங்கியபடி, அந்த உடம்பு நடுங்குவதைத் தன் நெஞ்சிலே உணர்ந்தபடி அவர் நின்றார்.

"இவ்வளவுதான் ஐயா என்ரை விளையாட்டு" என்றான் ஏரம்பு.

அவனைக் கதிரையில் இருத்தினார்கள். கமலாசனி செம்பை நீட்டினாள். பாதித் தண்ணீர் சேட்டில் வழிந்தது.

"எப்ப தொடக்கம்?" என்று கேட்டார் ஓவசியர்.

"ஐப்பசி" என்றாள் அவள்.

ஓவசியர் திரும்பி வீரகத்தியைப் பார்த்தார். குரல் கடுமையாக இருந்தது. "இந்த வயலை உழுதது ஆர்?"

"நான்தான் ஐயா."

"என்ன பங்குக்கு?"

இதுதான் அந்தக் கேள்வி. மூன்றாம் வாய்க்கால்காரரிடமும் இதைத்தான் கேட்டார்கள். பங்கு என்று ஒரு சொல் விழுந்தால் காணி இல்லை. கமலாசனிக்கு இந்த முறை பொய் ஒன்றும் வாயில் வரவில்லை. வராததே அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

"பங்கு இல்லை ஐயா. அவர் எனக்கு உழுது விதைச்சுத் தந்தார். நான் போய் அவரின்ரை வயலிலை களை பிடுங்கினனான். இனி நெல்லு முத்த அருவி வெட்டும் அவைக்கு வெட்டிக் குடுப்பன். வரம்பும் தண்ணியும் நான்தான் பார்க்கிறனான். என்ரை கையை வேணுமெண்டால் பாருங்கோ."

கையை நீட்டினாள். ஓவசியர் அதைப் பார்க்கவில்லை. வீரகத்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீரகத்தி துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான், கோயிலுக்குள் போகிறவன்போல. "விளையாட்டைப் பற்றி நான் சொன்னது பொய் ஐயா. மானும் பொய், மாங்குளமும் பொய். நெல்லைப் பற்றிப் பொய் சொல்லமாட்டன். இந்த வயலிலை ஒரு மணி என்ரை வீட்டு வாசல்படி ஏறாது."

ஓவசியர் போய்த் தொப்பியை எடுத்து மண்ணைத் தட்டினார். தட்டி முடிய வெகுநேரம் எடுத்தது.

"காணியைக் குத்தகைக்கு விடக்கூடாது. செய்யாமல் காடு பத்தவிடக்கூடாது. சட்டம் அவ்வளவுதான்" என்றார். "ஆரின்ரை காலிலை நிண்டு செய்யவேணும் எண்டு அதிலை இல்லை. ஏரம்பு, உமக்குப் பிறகு காணி ஆருக்கெண்டு பேர் குடுத்திருக்கோ?"

"இல்லை ஐயா."

"வெள்ளிக்கிழமை இந்தப் பிள்ளையைக் கந்தோருக்கு அனுப்பும். அவவின்ரை பேரைப் பதிவம். இனி ஆரும் மேலிடத்துக்குப் பெட்டிசம் எழுதினாலும் வயல் செய்யிறது பெண்சாதி, நான் கண்ணாலை பார்த்தனான் எண்டு எழுதுவன்." பிறகு குரல் கொஞ்சம் உயர்ந்தது. "முதலே என்னட்டைச் சொல்லியிருக்கலாமே! நான் என்ன மனுசரைப் பிடிச்சுத் தின்னிறனானோ?"

"மூண்டாம் வாய்க்காலுக்குப் பிறகு எல்லாருக்கும் பயம் ஐயா" என்றாள் கமலாசனி.

அந்தச் சொல் ஓவசியரைச் சுட்டதென்று தெரிந்தது.

தவராசா மாஸ்ரர் எழுதிய தாளை நாலாகக் கிழித்துப் பைக்குள் போட்டுவிட்டான். பிறகு ஏரம்புவின் முன்னால் நிலத்தில் குந்தி, "ஒருக்காப் பார்க்கட்டோ அண்ணை?" என்று கேட்டு, மெலிந்த தொடையை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தான்.

"எலும்பிலை பிழையில்லைப் போலை. கிடந்து கிடந்து சதை செத்துப்போச்சு. ஒளிச்சு வைச்சிருந்ததாலை வந்த வினை இது. மாங்குளம் ஆசுபத்திரியிலை ஒருக்காக் காட்டுங்கோ. அதுமட்டும் நான் சொல்லித் தாறதைச் செய்யுங்கோ." வீரகத்தியை நிமிர்ந்து பார்த்தான். "இடுப்பளவிலை ரெண்டு நீட்டுத் தடி கட்டவேணும் அண்ணை. நடுவிலை இவர் நிக்கிற அளவுக்கு இடம் விட்டு."

பொய்யில் தோற்றுப்போன வீரகத்திக்குச் செய்ய ஒரு வேலை கிடைத்தது. கத்தியோடு வேலிக்கு அப்பால் ஓடினான். முதிரைக் கம்பும் கொடியும் வந்தன. ஓவசியர் கவட்டுக் கட்டைகளைப் பிடித்துக்கொடுக்க, மாஸ்ரர் கல்லால் அடித்து இறுக்கினான். அடுத்த வீடுகளுக்குப் போகவேண்டும் என்று இருவருமே சொல்லவில்லை.

ஏரம்புவைத் தூக்கித் தடிகளுக்கு நடுவில் நிறுத்தினார்கள். இரண்டு பக்கமும் இறுகப் பிடித்தான். வாய்க்கால் வரம்பில் போன இரண்டு பெண்கள் நின்று பார்த்தார்கள். கமலாசனிக்கு ஓடிப்போய் மறைக்கவேண்டும்போல ஒரு பழக்கம் உடம்பில் எழுந்தது. எழுந்து, மெல்ல அடங்கியது.

"கைக்குப் பாரத்தைக் குடுங்கோ. அவசரப்படாதேங்கோ" என்றான் மாஸ்ரர்.

ஏரம்பு நொந்த காலைத் தூக்கினான். நிலத்தைவிட்டு எழும்பியது கொஞ்சந்தான். முன்னே வைத்தான். முகம் கோணியது. ஆனால் கால் நின்றது.

"கிளி கோட்டிலை ஏறீட்டுது" என்றார் ஓவசியர்.

ஏரம்பு சிரித்தான். கமலாசனி அதைக் கேட்டுக்கொண்டே குசினிக்குள் போய் அடுப்பில் கேத்திலை வைத்தாள். புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். அதுவும் ஒரு பொய்தான். பிள்ளையார் பொறுத்துக்கொள்வார்.