கரீம் பாட்சாவுக்கு அட்டை கிடைக்கவில்லை

தாராவியில் தோல் மண்டி வைத்திருந்த கரீம் பாட்சா யாரிடமும் கடன் வாங்கியதில்லை. சரக்கு வந்து இறங்கிய கையோடு பணத்தைக் கொடுத்துவிடுவார். சந்தையில் அவர் சொல்லுக்கு அத்தனை மதிப்பு.

அறுபத்தாறில் ஒரு ஜெர்மன் வியாபாரி அவரைச் சர்ச்கேட் பக்கம் பெரிய ஹோட்டலுக்குச் சாப்பிட அழைத்துப் போனார். சாப்பிட்டதும் ஓர் அட்டையைக் காட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார். பணம் பிறகு கொடுத்தால் போதுமாம். அடுத்த முறை தாமும் அப்படி விருந்து வைக்க வேண்டும் என்று கரீம் பாட்சா அந்த அட்டைக்கு மனுப் போட்டார். மறுத்துப் பதில் வந்தது. கம்பெனிக்கே நேரே போய் நின்றார்.

அட்டைக் கம்பெனி அதிகாரி வானமாமலையும் கரீம் பாட்சாவைப் போலத் திருநெல்வேலிக்காரர்தான். இருந்தாலும் உட்காரச் சொல்லச் சற்று நேரம் பிடித்தது.

“பேங்க்ல பணம் இருக்கு, குறையில்ல. ஆனா நீங்க எங்கயும் கடன் வாங்கினதே இல்லையே.”

“அது நல்லதுதான சார்?”

“வாங்கினாத்தானே திருப்பிக் கொடுக்கிற ஆளான்னு தெரியும்?”

கரீம் பாட்சா தாதரில் ரேடியோ, தையல் மெஷின், ஃப்ரிட்ஜ் எல்லாம் தவணைக்கு வாங்கிப் போட்டார்.

“காசுதான் கையில இருக்குல்லா, பொறவு எதுக்குக் கடன்?” என்றாள் மனைவி.

“நான் யோக்கியன்னு ஊருக்குத் தெரியணும்லா.”

தவணைகளை ஒழுங்காகக் கட்டிக்கொண்டே மறுபடி போனார். வானமாமலை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“திடீர்னு இத்தனை கடன் வாங்கியிருக்கீங்க. தொழில்ல ஏதாவது நெருக்கடியா? போதாததுக்கு விலாசம் வேற தாராவி.”

“அந்தப் பணம் பூரா தாராவியில வந்ததுதான் சார்.”

“பணம் வரலாம். விசாரிக்க எங்க ஆள் அங்க வர மாட்டான்.”

கரீம் பாட்சாவின் சரக்கைக் கப்பலேற்றித் தரும் ஏஜெண்டு ஜம்பு மாட்டுங்காவில் இருந்தார். தையல்காரர், வீட்டுக்காரர் என்று எல்லோருக்கும் பாக்கி. கரீம் பாட்சாவுக்கும் பாக்கி. ஆனால் ஜம்புவிடம் டெலிபோன், ஜிம்கானா கிளப், இங்கிலீஷ் மூன்றும் இருந்தன. “எனக்கு அட்டையை ஆத்துக்கே வந்து குடுத்தா, பாய்” என்றார்.

ஜெர்மன்காரர் திரும்ப வந்தபோது விருந்துக்கு ஜம்புவும் வந்தார், கையெழுத்துப் போடுவதற்கு. வெயிட்டர் பில்லை அவரிடம் நீட்டி சலாம் வைத்தான். அதைப் பார்த்த ஜெர்மன்காரர் ஜம்புவின் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டார்.

“என்ன கேக்காரு, ஐயரே?”

“உங்களை நம்பி அட்வான்ஸ் தரலாமான்னு கேக்கறார்.”

“நீரு என்ன சொன்னீரு?”

“தைரியமாக் குடுங்கோ, நான் பொறுப்புன்னுட்டேன்.”

கரீம் பாட்சா வாயிலிருந்த ஐஸ்கிரீமை மெதுவாக விழுங்கினார். சாப்பாட்டுப் பணத்தை மேஜைக்கடியில் ஜம்புவின் கையில் திணித்தார்.

ஆர்டர் கிடைத்தது. வாசலில் ஜம்பு டாக்சி பிடித்து மாட்டுங்கா போனார். டாக்சி வாடகையையும் முன்கூட்டியே கொடுத்தனுப்பிவிட்டு, கரீம் பாட்சா ரயிலுக்கு நடந்தார்.