யாந்தேயின் இடது கை

டக்காரின் புதிய விமான நிலையம் திறந்த முதல் வருஷத்தில், யாந்தே இடது கை கொடுத்து வழியனுப்பிய பயணிகளால் பதினோரு விமானங்கள் போய்ச் சேராமலே திரும்பி வந்தன. ஒன்று கானரித் தீவுகளைத் தாண்டிய பிறகு வந்தது. இன்னொன்று பாரிஸில் சக்கரத்தை இறக்கிவிட்டு மறுபடி மடக்கிக்கொண்டு வந்தது. விமானிகள் எழுதிக் கொடுத்தது ஒரே விஷயம்தான்: எந்திரத்தில் கோளாறு ஏதுமில்லை, மூக்கு தானாகத் திரும்பிவிட்டது.

வெகுதூரம் போகிறவருக்கு இடது கை கொடுப்பது அந்த நாட்டு வழக்கம். இடது கை கொடுப்பது மரியாதைக் கேடு என்பதால், அந்தத் தப்பைச் சரிசெய்ய இருவரும் மறுபடி சந்தித்து வலது கை கொடுத்தே தீர வேண்டும். கடலோரத்துப் பழைய விமான நிலையத்தில் இது நிதானமாக நடந்தது. ஐந்து வருஷமோ பத்து வருஷமோ கழித்து ஆள் வந்து சேர்வார். புதிய இடத்தில் யாந்தேயின் கைக்கு மட்டும் அந்தப் பொறுமை இல்லை. ஓடுதளத்தின் வடக்கு முனை அவள் நிலக்கடலை போட்ட நிலம்; அதற்குப் பதிலாகப் புறப்பாட்டுக் கூடத்தைத் துடைக்கும் வேலை கிடைத்திருந்தது. நிலம் அவள் கையை மறக்கவில்லை என்றார்கள். வழியனுப்ப ஆளில்லாமல் நிற்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு மனசு கேட்காது. துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு இடது கையை நீட்டுவாள். சாயங்காலமே அதே முகங்கள் வந்து இறங்கும். அவள் வலது கை கொடுப்பாள், மறுநாள் விமானம் ஒழுங்காகப் போகும்.

கூடத்தின் மேற்பார்வையாளர் ஹமாத் இதைக் கண்டுபிடிக்க எட்டு மாதமாயிற்று. வேறு யாராவது என்றால் அன்றைக்கே சீட்டைக் கிழித்திருப்பார். ஆனால் அவர் துக்குலோர், அவள் செரர். இந்த இரண்டு இனத்தாரும் பார்த்த இடத்தில் ஒருவரையொருவர் 'என் அடிமை' என்று கேலி பேசுவார்கள். கோபித்துக்கொள்ளக் கூடாது, கேட்டதை மறுக்கவும் கூடாது.

"ஏ என் அடிமை, காலையிலயே ஒரு அண்டா சோத்தை முழுங்கிட்டியா? அந்தத் தெம்புலதான் விமானத்தையெல்லாம் இழுக்கறியா?"

"உங்க தாத்தா எங்க வீட்டுல கம்பு குத்தின லட்சணம் தெரியாதா? சத்தம்தான் வருமாம், மாவு வராதாம்."

"அந்தக் கையைக் கொஞ்சம் பையில வச்சுக்கம்மா. கெஞ்சிக் கேக்கறேன்."

"எஜமானிகிட்ட இப்படித்தான் கேக்கணும்" என்று யாந்தே இடது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டாள். மூன்று வருஷம் ஒரு விமானமும் திரும்பவில்லை.

பிறகு அவள் மகள் தெனிங்குக்கு மான்ட்ரியலில் நான்கு வருஷப் படிப்புக்கு இடம் கிடைத்தது. யாந்தேக்குச் சோறு இறங்கவில்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன் புருஷன் பழைய விமான நிலையத்திலிருந்து போனபோது, இடது கையில் பச்சைக் குழந்தையான தெனிங் இருந்ததால் வலது கை கொடுத்து அனுப்பினாள், அவன் வரவேயில்லை. இப்போது மகளுக்கு இடது கை கொடுத்தால் சாயங்காலமே திரும்பிவிடுவாள். வலது கை கொடுத்து மறுநாள் அனுப்பினால் தப்பும் தீர்ந்துவிடும், பிறகு அவள் திரும்பி வர ஒரு பிடிமானமும் இருக்காது.

"எந்தக் கையையாவது குடும்மா, வெறுங்கையோட அனுப்பாத" என்றாள் தெனிங், புறப்படும் நாளில் கூடத்து வாசலில் நின்று. யாந்தே எல்லார் முன்னாலும் அழுதாள்.

ஹமாத் வந்தார். "என்ன எஜமானி, தரை துடைக்கத் தண்ணி பத்தலையா?"

"போய்யா. என் பொண்ணுக்கு எந்தக் கையைக் குடுக்கறதுன்னு தெரியல."

அவள் பதிலுக்குக் கேலி பேசாமல் ஹமாத் பார்த்ததில்லை. பயந்துவிட்டார். பிறகு கேட்டார்: "நான் உன் அடிமைன்னு தினமும் சொல்றியே, நெசமாவா?"

"அதுல என்ன சந்தேகம்?"

"அப்ப என் கை யாரோட கை?"

யாந்தே அவரை ஏறிட்டுப் பார்த்தாள். இல்லை என்றால் இத்தனை வருஷக் கேலியையும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். "என் கைதான்" என்றாள். "ஆனா சோம்பேறிக் கை."

"நமக்கு அதுதானே வேணும், மெதுவா இழுக்கட்டும்" என்று ஹமாத் தெனிங்குக்கு இடது கையைக் கொடுத்தார்.

விமானம் போயிற்று. இருட்டும்வரை யாந்தே வருகைக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள், அது திரும்பவில்லை. சந்தோஷத்தில் இன்னொரு தடவை அழுதாள்.

நான்கு வருஷம் இரண்டு மாதம் கழித்து தெனிங் வந்து இறங்கி, முதலில் ஹமாத்துக்குத்தான் வலது கை கொடுத்தாள். தப்புச் செய்த கைதானே சரிசெய்ய வேண்டும். யாந்தே தன் முறைக்காகப் பின்னால் நின்றாள்.

"பாத்தியா, வேலை முடிஞ்சுது" என்றார் ஹமாத்.

"ரெண்டு மாசம் லேட்டு" என்றவள், இடது கையையும் பையிலிருந்து எடுத்து, இரண்டு கைகளாலும் மகள் முகத்தைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது புறப்பாட்டுக் கூடத்தில் ஹமாத்துக்கென்று ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். வழியனுப்ப ஆளில்லாதவர்கள் வரிசையில் நின்று அவரிடம் இடது கை வாங்கிக்கொண்டு போகிறார்கள். சீக்கிரம் திரும்பியாக வேண்டியவர்கள் யாந்தேயிடம் போவார்கள். அன்றைக்கெல்லாம் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர்கள் சாயங்காலத்துக்கு ஓடுதளத்தைக் காலியாக வைத்திருப்பார்கள்.