மாமியின் ஹஜ்ஜுப் படம்

முழுகாமல் இருக்கிற செய்தியை யாரிடம் முதலில் சொல்வது என்று என்னைப் போல மண்டையை உடைத்துக்கொண்டவள் கல்முனைக்குடியில் வேறொருத்தி இருந்திருக்க மாட்டாள். மற்றப் பெண்களுக்கு அது சந்தோசமான செய்தி. எனக்கும் சந்தோசம்தான். ஆனால் அந்தச் சந்தோசத்தைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் வாய்க்குள் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எல்லாம், ஊரே அண்ணனாக மதிக்கிற பளீல் காக்காவின் ஸ்டூடியோவால் வந்தது. சவூதிக்கும் குவைத்துக்கும் வேலைக்குப் போக எங்கள் பக்கத்துப் பெண்கள் பாஸ்போட் எடுக்கத் தொடங்கியிருந்த காலம் அது. பாஸ்போட்டுக்கு முகம் முழுக்கத் தெரிகிற படம் வேண்டும். கமெராவுக்குப் பின்னால் பளீல் காக்கா நின்றால் பெண்கள் முக்காட்டை மூக்குவரை இழுத்துவிடுவார்கள். "கொஞ்சம் மேல தூக்குங்க" என்று அவர் சொன்னால், கூட வந்த மனுசன்மார் முறைப்பார்கள். ஒருவர் கமெராவைக் காலோடு தூக்கி வெளியே வைக்கப் போய்விட்டாராம். அதற்குப் பிறகுதான், பெண்களைப் படம் பிடிக்க ஒரு பெண் வேண்டும் என்று பளீல் காக்கா தேட ஆரம்பித்தார். எதிர்க் கடையில் ஆணியும் தகரமும் விற்கிற என் மனுசன் ஜவுபர், "என்ட வீட்டுக்காரி கமீலா இரிக்கா" என்று சொல்லிவிட்டு வந்தார்.

சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். பளீல் காக்காவின் கமெரா பழைய மரக் கமெரா. அதன் பின்பக்கம் ஒரு கண்ணாடி. கறுப்புத் துணியைத் தலைக்கு மேலே போட்டுக்கொண்டு அந்தக் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். பார்த்தேன். கதிரையில் இருந்த பளீல் காக்கா வௌவால் மாதிரித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார். அவருடைய மூக்குக்கண்ணாடியின் கீறல்கூடத் தெரிந்தது.

"தலைகீழாத்தான் தெரியும் தங்கச்சி. நாலு நாளைக்குத் தல சுத்தும், மறுகா பழகிரும்" என்றார்.

எனக்குத் தலை சுற்றவில்லை, பைத்தியம்தான் பிடித்தது. அந்த இருட்டுத் துணிக்குள் நான் இருப்பது யாருக்கும் தெரியாது, உலகம் மட்டும் எனக்குத் தெரியும். முக்காட்டைச் சரிசெய்யச் சொல்லி யாரும் என்னிடம் வரமாட்டார்கள், நான்தான் மற்றவர்களுக்குச் சொல்வேன். இந்த வேலை எனக்கு வேண்டும் என்று அந்த நிமிசமே தீர்மானித்துவிட்டேன்.

துணியை விட்டு வெளியே வந்ததும் பளீல் காக்கா தன்னுடைய கதையைச் சொன்னார்.

"போன வரிசம் ஒரு புள்ளக்கி எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தன். தொழில் கையில வந்த கையோட மாப்பிள்ளையோட பொத்துவிலுக்குப் போயிட்டு. உனக்கும் ஆறு மாசம் பழக்கணும். மறுகா ரெண்டு வரிசம் நிக்கணும். இடையில விட்டுட்டுப் போறதெண்டா இப்பவே சொல்லிரு."

நான் "ஓம்" என்றேன். எதற்கு ஓம் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அப்போது எனக்கு மூன்றாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. பிலிம் சட்டத்தைச் செருகவும் றப்பர் பந்தை அமுக்கவும் சொல்லித் தந்துவிட்டு, சனிக்கிழமை வந்து ஒரு படம் பிடித்துக் காட்டு, அதற்குப் பிறகு முடிவு சொல்கிறேன் என்றார்.

அந்த ஓம் வீட்டுக்கு வரும்வரை என் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. பளீல் காக்காவிடம் உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். சரி, அதையாவது பொறுக்கலாம். ஆனால் அவரிடம் சொல்வதற்கு முன்னால் இன்னொருவரிடம் சொல்ல வேண்டும். அதுதான் எனக்குப் பெரிய சிக்கல்.

அந்த இன்னொருவர் என் மாமி சபியா உம்மா. ஜவுபரின் தாய். சாய்ந்தமருதில் இருக்கிறார். என் உம்மா மௌத்தான பிறகு எனக்கு உம்மாவும் அவர்தான். மனம் பஞ்சு, ஆனால் வாய்க்குப் பூட்டு இல்லை. இதற்கு முந்தி ஒருமுறை நான் இப்படி இருந்தபோது, இரண்டாம் மாதமே மாமிக்குச் சொன்னோம். அன்றைக்கே மாவிடித்துக் கிண்ணத்தப்பம் அவித்து, தன்னுடைய தெருவுக்கும் என்னுடைய தெருவுக்கும் தட்டுத் தட்டாக அனுப்பினார். எங்கள் தெருவில் யாரும் தட்டை வெறுமனே திருப்பிக் கொடுப்பதில்லை. பிள்ளை தங்கவில்லை. அதற்குப் பிறகும் சீனியும் முட்டையும் வைத்த தட்டுகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு தட்டோடும் ஒருத்தி வந்து "இப்ப எப்பிடி இரிக்கி புள்ள?" என்று கேட்டாள். ஒவ்வொருத்திக்கும் நான் முதலிலிருந்து சொன்னேன். மாமி என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து, "எல்லாம் என்ட வாயாலதான்" என்று அழுதார். அவரையும் நான்தான் தேற்ற வேண்டியிருந்தது.

இந்தமுறை நாலாம் மாதம் கழியும்வரை ஜவுபரைத் தவிர யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று இருந்தேன். இப்போது பளீல் காக்காவிடம் சொன்னால், சொந்த மாமிக்குத் தெரியாதது கடைக்காரருக்குத் தெரியும் என்றாகிவிடும். மாமி அதைக் கேள்விப்பட்டால் உடைந்துபோவார். மாமிக்கு முதலில் சொன்னாலோ கட்டிலை விட்டு இறங்க விடமாட்டார். இப்படியும் வேலை போகும், அப்படியும் வேலை போகும்.

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு இருக்கும்போது ஜவுபரிடம் கேட்டேன்.

"மொதல்ல வேலையில சேரு. வயிறு தெரியக்குள்ள அவருக்கே தெரிஞ்சிரும். நீ ஏன் வாயத் துறக்கணும்?" என்றார்.

"நல்ல ஆணிக்கடியில துருப்புடிச்ச ஆணியப் போட்டு நிறுக்கிற ஆக்கள் அப்பிடித்தான் கதைப்பீங்க."

"அப்ப உம்மாக்குச் சொல்லுவம். பாவம், ஹஜ்ஜுக்குப் போகப் போற மனிசி."

"சொன்னீங்களெண்டா உங்களோட நான் கதைக்க மாட்டன்."

"நான் ஒரு சொல்லும் கதைக்க மாட்டன் புள்ள. சத்தியமா" என்று சொல்லிவிட்டு மீனைப் பிய்த்தார். அந்த நேரம் அவருடைய முகத்தை நான் பார்த்திருக்க வேண்டும், மீனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் ஒரு முடிவோடு புறப்பட்டேன். படத்தைப் பிடித்துக் காட்டுவேன். வேலையைத் தருகிறேன் என்று பளீல் காக்கா சொல்கிற அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்வேன். அங்கிருந்து நேரே பஸ் ஏறிச் சாய்ந்தமருதுக்குப் போய் மாமியிடமும் சொல்வேன். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மாமிக்குச் செய்தி ஒரு மணித்தியாலம்தான் பிந்தும். ஒரு மணித்தியாலப் பிழையை அல்லாஹ் மன்னிப்பான்.

பளீல் காக்கா வாசலிலேயே நின்றார்.

"வந்துட்டியா? உள்ளுக்கு ஒரு உம்மா இருக்கா. ஹஜ்ஜு பாஸ்போட்டுக்குப் படம். நான் போனா முகத்தக் காட்டமாட்டாவாம். நீயே புடி. பிலிமச் சட்டத்துல நான் போட்டு வெச்சிருக்கன்."

திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். கூரையின் கண்ணாடி ஓடுகளால் வெளிச்சம் நேரே கதிரையில் விழுந்தது. கதிரையில் சபியா உம்மா இருந்தார்.

"நீயா?" என்றார் மாமி.

"மாமியா?" என்றேன் நான்.

"படம் புடிக்கிற பொம்புளப் புள்ள ஒண்டு இரிக்கெண்டு ஜவுபர்தான் வெள்ளன வந்து கூட்டிட்டு வந்தான். அந்தப் புள்ள நீயெண்டு சொல்லல்லயே!"

யன்னலால் எட்டிப் பார்த்தேன். எதிர்க் கடையில் ஜவுபர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தகரங்களை மும்முரமாக அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் கதைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தவர். கதைக்கவில்லைதான்.

மாமி கதிரையில் விறைத்துப்போய் இருந்தார். கமெராவுக்குப் பயம் ஒன்று, கோபம் ஒன்று.

"படம் புடிக்கிறது நல்லமில்லெண்டு எங்கட வாப்பா சொல்லுவாரு. ஹஜ்ஜுக்கெண்டதால அல்லா பொறுப்பான். அது கிடக்கட்டும். நீ வேலைக்கி வாறது எனக்குக் குறையில்ல புள்ள. ஏன் எனக்கிட்ட மறைச்ச? நான் உனக்கு ஆரு?"

நான் செய்த ஒரே காரியம், கறுப்புத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே ஒளிந்ததுதான். கண்ணாடியில் மாமி தலைகீழாகத் தொங்கினார். கதிரை மேலே, முக்காடு கீழே. ஆனால் மாமியின் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்தது. உதடுகளின் ஓரம் மேலே வளைந்து, சிரிக்கிற மாதிரி இருந்தது. வாயால்தான் திட்டுகிறார், உள்ளே சிரிக்கிறார் என்று நினைத்தேன். அந்த இருட்டுக்குள் என் முகத்தை யாரும் பார்க்க முடியாது என்பதும் வசதியாக இருந்தது.

"மறைச்சது இது மட்டுமில்ல மாமி" என்றேன். "நான் முழுகாம இரிக்கன். மூணு மாசம்."

கண்ணாடியில் மாமியின் முகம் மாறியது. உதடுகள் கீழ்நோக்கி வளைந்தன. வாய் கோணி, கன்னமெல்லாம் இழுபட்டு, பார்க்கப் பார்க்க வளைவு கூடிக்கொண்டே போனது. மூன்று மாதம் மறைத்துவிட்டேன், இந்த மனுசியின் மனதை உடைத்துவிட்டேன், ஹஜ்ஜுக்குப் போகிற நேரத்தில் அழவைத்துவிட்டேன். துணியைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மாமி சிரித்துக்கொண்டிருந்தார். முன்பல் இரண்டு இல்லாத வாய் காது வரை போயிருந்தது. கண்ணால் தண்ணீர் ஓடியது, அதைத் துடைக்கவும் மறந்து சிரித்தார்.

தலைகீழ்க் கண்ணாடியில் கோபம் சிரிப்பாகவும் சிரிப்பு அழுகையாகவும் தெரியும் என்று பளீல் காக்கா எனக்குச் சொல்லித் தரவில்லை. என் கை மட்டும் அவர் சொல்லித் தந்ததைச் செய்தது. பிலிம் சட்டத்தைச் செருகியது, றப்பர் பந்தை அமுக்கியது. நான் பிடித்த முதல் படம் அது.

திரைக்கு அப்பால் ஒரு செருமல் கேட்டது. பலகைச் சுவருமல்ல, வெறும் துணித்திரை. நான் மாமிக்குச் சொன்னது பளீல் காக்காவுக்கும் அதே நேரத்தில் கேட்டிருக்கிறது.

"தங்கச்சி" என்றார் பளீல் காக்கா வெளியிலிருந்தே. "ரெண்டு வரிசம் நிப்பியா எண்டு கேட்டன். நீ ஓமெண்டாய்."

"ஓம் காக்கா. அது பிழைதான். இண்டைக்குச் சொல்றெண்டுதான் வந்தன். மாமிக்கு முந்தி உங்களுக்குச் சொல்ல மனம் வரல்ல. வேலை தராட்டியும் பரவாயில்ல."

பரவாயில்லை என்று சொல்லும்போதே அழுகை வந்தது. பரவாயில்லை என்பது பொய். அந்தக் கறுப்புத் துணியை விட்டுப் போக எனக்கு மனமே இல்லை.

மாமி கதிரையை விட்டு எழும்பித் திரைக்குப் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, நீங்க என்ன, தென்னமரத்திலயா காய்ச்ச? உங்களையும் ஒருத்தி சுமந்துதானே பெத்த?"

"நான் அதுக்குச் சொல்லல்ல உம்மா. எப்ப மட்டில புள்ள?"

"மார்கழி மட்டில" என்றேன்.

வெளியே பளீல் காக்கா சிரிக்கிறாரா இருமுகிறாரா என்று தெரியாத ஒரு சத்தம்.

"மாரிக்குள்ளயா? அதச் சொல்லன் முதல்ல! கார்த்திக பிறந்தா இந்தக் கண்ணாடி ஓட்டால வெளிச்சமா வருகுது? தண்ணிதான் வருகுது. றோட்டுல வெள்ளம் நிக்கக்குள்ள ஆரு படம் புடிக்க வாற? நானே கடையப் பூட்டிட்டுப் படுத்திருப்பன். மாரி கழிய வருவியா?"

"வருவா" என்றார் மாமி எனக்கு முந்தி. "நான் புள்ளயத் தூக்கிட்டு வந்து இந்தக் கதிரையில இரிக்கன்."

"புள்ள அழுதா?"

"அழுதா நீங்க வெளியில போய் நில்லுங்க."

"இப்பவும் நான் வெளியிலதான் நிக்கிறன்" என்றார் பளீல் காக்கா. "சரி, படத்தப் புடிங்க. மத்தியானத்துக்குள்ள கழுவணும். முழுகாத புள்ள நீ இருட்டறைக்குள்ள வரவேணாம், அந்த மருந்து மணம் கூடாது. கழுவுறத நான் பாத்துக்குவன்."

மாமியைத் திரும்பவும் கதிரையில் இருத்தினேன். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"மாமி, போன முறை மாதிரி ஏலா. நாலாம் மாசம் கழியுமட்டும் ஆருக்கும் சொல்லப்படாது. தட்டு அனுப்பப்படாது."

மாமியின் சிரிப்பு ஒரு நிமிசம் நின்றது. அந்தப் பழைய தட்டுகள் அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"சொல்ல மாட்டன் மகள்" என்றார். "இஞ்ச பாரு, வாயப் பூட்டிட்டன்."

பூட்டினார். உதடு இரண்டையும் உள்ளே இழுத்து, பல்லால் கடித்து, கன்னம் இரண்டும் உப்பி, கண் பிதுங்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு கமெராவைப் பார்த்தார். துணிக்குள் போய்ப் பார்த்தேன். எப்படித் திருப்பிப் பார்த்தாலும் பயங்கரமான முகம். பாஸ்போட் கந்தோரில் சிரித்த படத்தை ஏற்கமாட்டார்கள், இது எடுபடும் என்று அமுக்கினேன்.

மாமி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நாலாம் மாதம் கழியும்வரை சாய்ந்தமருதில் ஒரு வீட்டுக்கும் விசயம் போகவில்லை. யாராவது "மருமகள் எப்பிடி?" என்று கேட்டால் உடனே வெற்றிலையை எடுத்து வாய் நிறையப் போட்டுக்கொள்வாராம். மக்காவில் கஃபத்துல்லாவைக் கண்டதும், கூடப் போன மூத்த மகன் முனாப் மச்சானுக்கும் விளங்காமல், அல்லாஹ்விடம் மட்டும் எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் கதைத்ததாகத் திரும்பி வந்து சொன்னார். மார்கழி வெள்ளத்துக்குள் என் மகள் பிறந்தாள். மாசி வெயிலுக்கு மாமி, மகள், நான் மூன்று பேரும் ஸ்டூடியோவுக்குப் போனோம்.

சிரித்த படம் என் அலுமாரிக்குள் சீலைக்கடியில் இருக்கிறது. அதை வேறு ஆட்களுக்குக் காட்ட மாமி விடமாட்டார். மற்றப் படம் பாஸ்போட்டில் இருக்கிறது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நின்ற அதிகாரி அதைப் பார்த்துவிட்டு மாமியைப் பார்த்தாராம், திரும்பப் படத்தைப் பார்த்தாராம்.

"உம்மா ஏன் இவ்வளவு கோவமா இருக்கீங்க?" என்று கேட்டாராம்.

மாமி அப்போதும் வாயைத் திறக்கவில்லை.